ஆறு மணியை யார் சொல்வது?

அம்மம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் மருந்து. காலமை ஆறு மணி, பத்து மணி, மத்தியானம் இரண்டு மணி, பின்னேரம் ஆறு மணி. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற லெவோடோப்பா. இந்த மருந்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. நோய் கொஞ்சம் முற்றின பிறகு, ஒரு குளிசையின் வேலை முடிகிற நேரமும் அடுத்த குளிசை போட வேண்டிய நேரமும் கிட்டக் கிட்ட வந்துவிடும். அடுத்தது பிந்தினால் உடம்பு இறுகிவிடும். கதிரையில் இருந்தவருக்கு எழும்ப ஏலாது. நடந்துகொண்டிருந்தவர் கால் எடுத்து வைக்க ஏலாமல் நின்ற இடத்திலேயே நிற்பார். பிந்தினதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவம் எண்டாலும் சரிவராது. புரதம் கூடின சாப்பாடு இந்த மருந்தை உடம்பு எடுக்கிறதைக் குறைத்துவிடக் கூடும். ஆகவே இங்கே நேரமும் மருந்தின் ஒரு பகுதிதான்.

அம்மம்மா எங்கள் மூன்று பேரில் ஒருத்தியின் அம்மம்மா. ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தபடியால் மூன்று பேருக்கும் அவர் அம்மம்மாதான். கிளிநொச்சிப் பக்கம், ஒரு தகரக் கூரை வீடு. காலமை ஆறு மணிக் குளிசையையும் பின்னேர ஆறு மணிக் குளிசையையும் கொடுக்க அன்ரி நிற்பா. அவ படிப்பிக்கப் போற நாட்களில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அம்மம்மா தனிய. அந்த இரண்டு வேளைக்காகத்தான் நாங்கள் ஒரு பெட்டி செய்ய வெளிக்கிட்டனாங்கள்.

அது 2022ஆம் ஆண்டு. மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம். கரண்டை நம்பின எதையும் அந்த வீட்டில் வைக்க ஏலாது. ஃபோனில் அலாரம் வைக்கலாமே எண்டு நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் வைத்துப் பார்த்தோம். ஃபோனில் சார்ஜ் நிற்கவில்லை. நின்ற நாட்களிலும், நடுங்குகிற விரலால் கண்ணாடித் திரையில் ஒரு சின்ன வட்டத்தை இழுத்து அலாரத்தை நிப்பாட்ட அம்மம்மாவால் முடியவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெரிய பொத்தான், ஒரு சின்ன பஸர், ஒரு சிவப்பு லைற், மாதக் கணக்கில் ஓடுகிற ஒரு பற்றரி. அவ்வளவுதான்.

கம்பஸ் புறொஜெக்ட் ஒன்றுக்கு வாங்கின ஒரு மலிவு மொடியூல் மிச்சம் கிடந்தது. என்ஆர்எஃப்52 வகைச் சிப். அதிலே ஃப்ரீஆர்டிஓஎஸ் என்கிற சின்ன இயங்குதளத்தை ஏற்றினோம். கம்பியூட்டரில் ஓடுகிற விண்டோஸ் மாதிரி அதுக்குத் திரையோ ஃபோல்டரோ இல்லை. எந்த வேலையை எப்ப செய்ய வேண்டும், எப்ப நித்திரைக்குப் போக வேண்டும் எண்டு பார்த்துக்கொள்கிற ஒரு மேற்பார்வையாளர் மாதிரி. எங்கட புறோகிராம் மிகச் சின்னது. நிமிஷத்துக்கு ஒருக்கா எழும்பு, ஒன்றைக் கூட்டு, திரும்பப் படு. 240 நிமிஷம் சேர்ந்தால் பஸரை அடி. இரவு பத்துக்கும் இரண்டுக்கும் வாயை மூடிக்கொண்டு இரு. முதல் நாள் ஃபோனைப் பார்த்துச் சரியா காலமை ஆறு மணிக்குப் பொத்தானை அமத்தினோம். எண்ணத் தொடங்கிவிட்டது.

அடுத்த நாள் காலமை அது 5:26க்கே அடித்தது.

அம்மம்மா சிரித்துப்போட்டுச் சொன்னா, "என்ன மோனை, இது புது நேரத்தில ஓடுதோ?"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அன்ரிதான் விளங்கப்படுத்தினா. 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எண்டு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருஷம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே நின்றது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை எடுக்கவே இல்லை. அங்கே பழைய நேரம்தான். ஓமந்தையைக் கடந்து போகிறவர்கள் மணிக்கூட்டையும் அரை மணித்தியாலம் திருப்ப வேண்டும். அந்தப் பத்து வருஷமும் வன்னியில் இருந்த ஒருவருக்கு, "இப்ப எத்தனை மணி" எண்டு கேட்டால் பதில் முடியாது. "ஆற்ற நேரம்" எண்டும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாங்கள் அதைப் பகிடியாகத்தான் எடுத்தோம். எங்கட பெட்டியிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும் எண்டு விளங்க இரண்டு கிழமை எடுத்தது.

முதல் பிழையைக் கண்டுபிடிக்கிறது லேசாக இருந்தது. 24 மணித்தியாலத்தில் 33 நிமிஷமும் சொச்சமும் முந்துகிறது. அப்படி ஒரே அளவாக முந்தினால் அது கணக்குப் பிழை.

இந்த மாதிரிச் சிப்களுக்குள்ளே இரண்டு வகையான துடிப்பு ஓடும். ஒன்று மிக வேகமானது, செக்கனுக்குக் கோடிக்கணக்கில் துடிப்பது. கணக்குப் போடவும் புளூடூத்துக்கும் அது வேண்டும். ஆனால் அது பற்றரியைக் குடிக்கும், அதனால் சிப் நித்திரைக்குப் போகும்போது அதை நிப்பாட்டிவிடுவார்கள். மற்றது மெதுவானது, செக்கனுக்கு 32,768 தரம். நித்திரையிலும் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். 32,768 என்பது இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கிப் பதினைந்தாவது படியில் வருகிற எண். அதைப் பதினைந்து தரம் பாதி பாதியாக்கினால் சரியா ஒரு செக்கனுக்கு ஒரு துடிப்பு. குவாட்ஸ் மணிக்கூடுகள் எல்லாம் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இயங்குதளத்துக்கு செக்கன் தெரியாது. அதுக்குத் தெரிந்தது டிக் மட்டும்தான். இத்தனை துடிப்புக்கு ஒரு டிக் எண்டு வைத்துக்கொண்டு அதை எண்ணும். பெரும்பாலான பாடங்களில் செக்கனுக்கு ஆயிரம் டிக் எண்டு இருக்கும். ஒரு டிக் ஒரு மில்லிசெக்கன், கணக்கு லேசு. ஆனால் 32,768ஐ ஆயிரத்தால் மிச்சமில்லாமல் பிரிக்க ஏலாது. 1024ஆல் பிரித்தால் சரியா 32 வரும். அதனால் இந்தச் சிப்புக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் அமைப்பில் செக்கனுக்கு 1024 டிக். அது கொன்ஃபிக் ஃபைலில் ஒரு வரியாகக் கிடந்தது. நாங்கள் வாசிக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு 60,000 டிக் எண்டு எழுதிவிட்டோம். அந்த நிமிஷம் உண்மையில் 58.6 செக்கன். ஒரு நாளுக்கு அது 2025 செக்கன், அதாவது 33 நிமிஷமும் 45 செக்கனும் முந்தும். மில்லிசெக்கனை டிக்காக மாற்றித் தர அதிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் பாவித்தோம். கணக்குச் சரியாகிவிட்டது.

மேசையில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்தோம். பதினைந்து இருபது செக்கன் பிந்தினது. ஃபோனைப் பார்த்துப் பொத்தானை அமத்தினதில் வந்த வித்தியாசம் எண்டு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பெட்டியை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு, "இனிப் பிரச்சினை இல்லை அம்மம்மா, இது அடிச்சாப் போடுங்கோ" எண்டு சொல்லிவிட்டு வந்தோம்.

இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் எண்டு நினைத்ததே அந்தக் கடைசி வசனத்தால்தான்.

ஐந்தாம் நாள் அன்ரி பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மம்மா கிணத்தடியில் நின்றா. துலாக்காலைப் பிடித்தபடி, அசையாமல். எவ்வளவு நேரம் நின்றவ எண்டு அவவுக்கே தெரியவில்லை. விழவில்லை, அது எங்கட அதிர்ஷ்டம். குளிசை போட்டு, கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தி, ஏன் இரண்டு மணிக் குளிசையைப் போடவில்லை எண்டு கேட்டிருக்கிறா.

"பெட்டி இன்னும் அடிக்கேல்லையே பிள்ளை. அடிக்கட்டும் எண்டு இருந்தனான்."

பெட்டி அப்போது அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியிருந்தது.

எங்களைச் சுட்டது அந்தப் பதில்தான். பெட்டி வருவதற்கு முதல் அம்மம்மாவுக்கு நேரம் தெரியாமல் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஒழுங்கையால் போற சத்தம், முற்றத்து வேம்பின் நிழல், பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் பார்த்துத்தான் அவ குளிசை போட்டவ. முந்தியும் பிந்தியும் இருந்திருக்கும். ஆனால் உடம்பு இறுகத் தொடங்கும்போதே அவவுக்குத் தெரியும். நாங்கள் பெட்டியைக் கொடுத்து, அதை நம்பச் சொல்லி, அவவுடைய அந்தக் கணக்குகளை எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். பதிலுக்குக் கொடுத்தது பிந்துகிற ஒரு மணிக்கூடு.

அன்று இரவு மூன்று பேரும் கோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். பிழை இல்லை. கொன்ஃபிக் ஃபைலையும் இந்தமுறை வரி வரியாக வாசித்தோம். மெதுவான துடிப்புக்கு மூலம் எது எண்டு கேட்கிற வரியில் "கிறிஸ்டல்" எண்டு இருந்தது. நாங்கள் போட்டதில்லை, வந்தபடியே இருந்தது. கிறிஸ்டல் எண்டால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு செக்கன்தான் பிழைக்க வேண்டும். எங்களுடையது ஏழு நிமிஷம் பிழைக்கிறது. அதுவும் ஒரே அளவாக இல்லை. பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி. அதைக் கண்ட பிறகுதான், பிழை கணக்கில் இல்லை, துடிப்பிலேயே இருக்கிறது எண்டு பிடிபட்டது.

இந்தச் சிப்பில் அந்த 32,768 துடிப்பை மூன்று வழியில் எடுக்கலாம். கொன்ஃபிக் ஃபைலின் அந்த ஒரு வரி, இந்த மூன்றில் ஒன்றைத் தெரியச் சொல்கிற வரி.

முதலாவது, சிப்புக்கு உள்ளேயே இருக்கிற ஆர்சி ஓசிலேற்றர். ஒரு தடையும் ஒரு கொள்ளளவியும். கொள்ளளவி நிரம்பும், வடியும், திரும்ப நிரம்பும். அந்த நிரம்பி வடிகிற நேரம்தான் துடிப்பு. எங்கட முன்னோரின் நாழிகை வட்டில் மாதிரி ஒரு விஷயம்தான், அடியில் ஓட்டை போட்ட பாத்திரம் நிரம்பினால் ஒரு நாழிகை. வெளியே ஒரு பொருளும் வாங்கத் தேவையில்லை, அதனால் மலிவு. ஆனால் வெக்கை ஏறினால் இறங்கினால் நிரம்புகிற வேகம் மாறும். சரிபார்க்காமல் விட்டால் பிழை சதவீதக் கணக்கில் வரும். ஒரு வீதம் எண்டால் சின்ன எண் மாதிரித் தெரியும். ஒரு நாளைக்கு அது 14 நிமிஷத்துக்கு மேல். வேகமான கிறிஸ்டலை இடைக்கிடை எழுப்பி அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருந்தால், பத்து இலட்சத்துக்கு 500 என்கிற அளவுக்குள் நிற்கும் எண்டு சிப்பின் டேட்டாஷீட் சொல்கிறது. அது நாளைக்கு ஆகக் கூடினால் 43 செக்கன்.

இரண்டாவது, வெளியே ஒட்டுகிற 32,768 ஹேர்ட்ஸ் கிறிஸ்டல். ஒரு சின்னக் குவாட்ஸ் துண்டு, இசைக்கவை மாதிரி இரண்டு கால் வெட்டி, ஒரு உலோகக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் திருப்பித் தரும். இந்தக் குணத்தை 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். சாதாரண கிறிஸ்டலின் பிழை பத்து இலட்சத்துக்கு 20 அளவில். நாளைக்கு 1.7 செக்கன். 25 பாகைக்குச் செய்தது, வெக்கை கூடினாலும் குளிர் கூடினாலும் கொஞ்சம் பிந்தும். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே 35 பாகையிலும் அது நாளைக்கு ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. மின்சாரமும் ஒரு மைக்றோ அம்பியருக்குக் குறைவாகத்தான் எடுக்கும்.

மூன்றாவது, அந்த வேகமான கிறிஸ்டலையே நிப்பாட்டாமல் ஓடவிட்டு, அதைப் பிரித்துப் பிரித்து 32,768ஐச் செய்துகொள்வது. நேரம் திறமாக இருக்கும். ஆனால் வேகமானது எப்போதும் விழித்திருக்க வேண்டும். கால் மில்லி அம்பியர் அளவு தொடர்ந்து போகும். கேட்கச் சின்னனாக இருந்தாலும் 220 மில்லி அம்பியர் மணித்தியாலம் பிடிக்கிற ஒரு காசுப் பற்றரி அதிலேயே ஐந்து கிழமையில் முடிந்துவிடும்.

விலை, திருத்தம், பற்றரி. மூன்றையும் ஒன்றாகத் தருகிற மூலம் இல்லை. எதை விட்டுக்கொடுக்கலாம் எண்டு செய்கிறவர்தான் சொல்ல வேண்டும். அந்த வரியில் முதலே ஒன்று போட்டிருக்கிறபடியால், சொல்ல வேண்டியது எங்கட வேலை எண்டே எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, எங்களுடையதில் கிறிஸ்டல் எண்டுதானே இருந்தது? பிறகேன் பிந்தினது?

விடிய வெளிச்சத்தில் மொடியூலைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். கிறிஸ்டலின் கால்கள் போக வேண்டிய இரண்டு முனைக்கும் போர்டில் இடம் விட்டிருந்தார்கள். இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. மலிவு மொடியூல்களில் அதை ஒட்டாமல் விடுவது வழமை. வாங்குகிறவர் வேண்டுமெண்டால் ஒட்டிக்கொள்ளட்டும் எண்டு. நாங்கள் இல்லாத ஒரு கிறிஸ்டலில் ஓடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அப்படியெண்டால் அது ஓடாமலே நின்றிருக்க வேண்டுமே எண்டு யோசித்தோம். பதில் டேட்டாஷீட்டில் இருந்தது. இந்தச் சிப்பிடம் கிறிஸ்டலில் ஓடு எண்டு சொன்னால், கிறிஸ்டல் அதிர்ந்து நிலைக்கு வரச் சுணங்கும் எண்டபடியால், அது வரும் வரைக்கும் உள்ளே இருக்கிற ஆர்சியில் ஓடத் தொடங்கும். கிறிஸ்டல் தயாரானதும் தானாக மாறிக்கொண்டு, "தொடங்கிவிட்டது" எண்டு ஒரு அறிவிப்புத் தரும். அந்த அறிவிப்பைக் காத்திருந்து வாங்குகிற புறோகிராம் எண்டால் அந்த இடத்திலேயே நின்றிருக்கும், நாங்களும் முதல் நாளே பிடித்திருப்போம். எங்களுடையது காத்திருக்கவில்லை. கிறிஸ்டல் வரவே இல்லை. ஆள் வரும் வரைக்கும் கதிரையில் இருக்க வந்த ஆர்சி ஐந்து நாளும் அந்தக் கதிரையிலேயே இருந்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. கொன்ஃபிக் ஃபைல் "கிறிஸ்டல்" எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

எங்களுக்குக் கோபம் வந்தது. மொடியூல் செய்தவன்மேல், விற்றவன்மேல், வந்தபடியே கிடந்த அந்த வரியின்மேல். ஆனால் அந்த வரியை எழுதினவர் கிறிஸ்டல் ஒட்டின ஒரு போர்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார். அவருடைய மேசையில் அது உண்மை. எங்கட மேசையில் பொய். முன்கூட்டியே போட்டு வருகிற எந்த அமைப்பும் இப்படித்தான், வேறு ஆரோ ஒருவருடைய நிலைமையின் உண்மை. அது எங்கட நிலைமைக்குப் பொருந்துதோ எண்டு பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

பிறகு வாசிக்கும்போது 2018இல் ஐரோப்பாவில் நடந்த ஒன்று கண்ணில் பட்டது. அடுப்பிலும் மைக்றோவேவிலும் இருக்கிற மணிக்கூடுகள் சிலவற்றுக்குக் கிறிஸ்டல் இல்லை. வீட்டுக்கு வருகிற மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலையை எண்ணித்தான் அவை நேரம் பார்க்கும். சேர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான பிணக்கில் அந்தப் பகுதி வலையமைப்புக்குக் கொடுக்க வேண்டிய மின்சாரம் குறைந்தது. முழு வலையமைப்பும் ஒன்றாக இணைந்திருப்பதால் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சராசரி அலைவேகம் 49.996க்கு இறங்கியது. குறைந்தது வெறும் 0.004. ஆனால் 25 நாடுகளில் அந்த வகை மணிக்கூடுகள் கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் பிந்திப் போயின. ஜேர்மனியில் ஒரு சமையலறையில் நிற்கிற ஒருவருக்குத் தன்னுடைய அடுப்பின் நேரம் கொசோவோ வரைக்கும் போய்த் தொடுகிறது எண்டு எப்படித் தெரியும்? மணிக்கூட்டின் முகத்தில் நேரம் மட்டும்தான் எழுதியிருக்கும். அந்த நேரத்தை ஆர் சொன்னது எண்டு எழுதியிருக்காது.

எங்கட பிரச்சினைக்கு வருவம். முதலில் மூன்றாவது மூலத்துக்கு மாற்றி, காசுப் பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டு பென்ரோச் பற்றரி போட்டுக் கொடுத்தோம். பெட்டி பெரிதாகிவிட்டது, வடிவும் இல்லை, ஆனால் நேரம் சரி. அது தற்காலிகம். கிறிஸ்டல் ஒன்று வாங்கத் தேடினோம். அந்த நேரம் டொலர் இருந்த நிலையில் வெளியிலிருந்து எடுப்பிக்கிறதை நினைக்கவே ஏலாது. தெரிந்த ரேடியோக் கடையிலும் இல்லை.

அம்மம்மாதான் கேட்டா, "அது மணிக்கூட்டுக்குள்ள இருக்கிற சாமானோ?"

ஓம் எண்டோம். சுவரில் நின்றுபோய்க் கிடந்த மணிக்கூட்டைக் காட்டினா. ஆரோ கலியாணத்துக்குக் கொடுத்தது. பற்றரி பொங்கி வழிந்து, பல்லுச் சில்லெல்லாம் துருப்பிடித்து, ஓடாமல் விட்டு வருஷக் கணக்கு. ஆனால் உள்ளே அந்தச் சின்ன உலோகக் குழாய், ஒரு நெல்மணி அளவு, மினுக்கம் குறையாமல் இருந்தது. மணிக்கூட்டில் பழுதாகிறது பெரும்பாலும் மற்றச் சாமான்கள். கிறிஸ்டல் சுலபத்தில் சாகாது.

அதைச் சூடு காட்டி மெதுவாகக் கழற்றி, மொடியூலின் வெறும் முனைகளில் ஒட்டினோம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சின்னக் கொள்ளளவி நிலத்துக்குப் போட வேண்டும். போடாவிட்டால் அதிரும், ஆனால் கொஞ்சம் வேகமாக அதிரும். கிறிஸ்டல் எதிர்பார்க்கிற அளவு பெரும்பாலும் 12.5 பிக்கோஃபரட். இரண்டு கொள்ளளவியும் தொடரில் நிற்கிறபடியால் 22, 22 போட்டால் 11, போர்டும் சிப்பின் கால்களும் கொஞ்சம் சேர்க்கும். ஒரு பழைய ரேடியோப் போர்டில் 22 இரண்டு கிடைத்தது. ஒட்டுகிறபோது எங்களில் ஒருவனுக்குக் கை நடுங்கினது. அம்மம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "உனக்கும் குளிசை வேணுமோ?" எண்டு கேட்டா. அந்தக் கிணத்தடி நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

புறோகிராமில் இரண்டு விஷயத்தை மாற்றினோம். ஒன்று, கிறிஸ்டல் "தொடங்கிவிட்டது" எண்டு சொல்லும் வரைக்கும் பெட்டி எண்ணத் தொடங்காது. சில செக்கனுக்குள் சொல்லாவிட்டால் சிவப்பு லைற் விட்டு விட்டு எரியும், பஸர் விடாமல் கத்தும். ஓடாத பெட்டி ஓடவில்லை எண்டு தெரிய வேண்டும். ஓடுகிற மாதிரி நடித்துக்கொண்டு பிந்துகிறதுதான் ஆபத்து.

இரண்டாவது மாற்றம் அதைவிட முக்கியம் எண்டு இப்ப நினைக்கிறோம். ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக் குளிசை போட்டதும் அன்ரி பொத்தானை அமத்த வேண்டும். பெட்டி அந்த நிமிஷத்திலிருந்து புதிதாக எண்ணும். முதல் செய்ததில் ஒரு நாள் பிழை அடுத்த நாள் பிழையோடு சேர்ந்து, அது அதுக்கடுத்த நாளோடு சேர்ந்து வளர்ந்தது. எவ்வளவு திறமான கிறிஸ்டல் எண்டாலும் அது தன்னைத் தானே திருத்தாது. அதுக்கு வெளியிலிருந்து ஆரோ ஒருவர் நேரம் சொல்ல வேண்டும். ஃபோன் எண்டால் வலையமைப்பு சொல்லும். எங்கட பெட்டிக்கு அன்ரி சொல்லுவா.

அம்மம்மாவிடம் கொடுக்க முதல் பொத்தானை அமத்தாமலே 30 நாள் ஓடவிட்டுப் பார்த்தோம். 40 செக்கன் வித்தியாசம். கணக்குப் பார்த்தால் பத்து இலட்சத்துக்குப் பதினைந்து. ஆரோ கொடுத்த கலியாணப் பரிசின் கிறிஸ்டலுக்கு அது நல்ல பெறுபேறு. பிறகு காசுப் பற்றரியைத் திரும்பப் போட்டு, பெட்டியைச் சின்னதாக்கி, கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்தமுறை "இது அடிச்சாப் போடுங்கோ" எண்டு சொல்லவில்லை. "இது அடிக்காட்டியும் உடம்பு இறுகிற மாதிரி இருந்தா நேரத்தை ஒருக்காப் பாருங்கோ, எங்களுக்கும் சொல்லுங்கோ" எண்டு சொன்னோம்.

அம்மம்மா பெட்டியைக் காதுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. சுவர் மணிக்கூடு மாதிரி ஏதாவது கேட்குமோ எண்டு நினைத்திருக்கலாம். ஒன்றும் கேட்காது. அந்த அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாது.

"இப்ப இது ஆற்ற நேரத்தில ஓடுது?" எண்டு கேட்டா.

"உங்கட பழைய மணிக்கூட்டின்ர நேரத்தில அம்மம்மா. காலமையில அன்ரியின்ர நேரத்தில."

"அப்பச் சரி," எண்டா.

அன்றைக்கு இரண்டு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றோம். ஒருத்தரும் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. ஃபோனில் 2:00 எண்டு மாறினது, பெட்டி அடித்தது. அம்மம்மா குளிசையைப் போட்டுத் தண்ணி குடித்துவிட்டு, பெரிய பொத்தானை உள்ளங்கையால் அமத்தி அதை நிப்பாட்டினா. கொஞ்ச நேரத்தில் எழும்பி, கிணத்தடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தா.